வளைக்கரமும் விசைப்பலகையும்

"கணினியா? அது ஆண் ஆசிரியர்களின் வேலை!" ஆசிரியர் அறைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் இது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசாணை அப்படி விதிக்கவில்லை. விதித்தது வழக்கம்! வழக்கம் என்ற பெயரில் வருவதை வாயிலிலேயே நிறுத்தி, "நீ யார்? எங்கிருந்து வந்தாய்?" எனக் கேட்பதற்கன்றோ பகுத்தறிவு?

பட்டம் பெற்று, ஆசிரியப் பணியேற்று மூன்றாண்டுகளாக நாம் காணும் காட்சி இது. கல்வித்துறைத் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டுமா? இருபதாண்டு அனுபவம் மிக்க அம்மையார், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, "சார், நீங்களே போட்டுவிடுங்கள்" என நீட்டுகிறார். வாங்கிக்கொள்பவரும் அவ்வேலைக்குப் புதியவரே! அவர் தடுமாறினால், "எந்திரம் சரியில்லை" என்கிறார். அம்மையார் தடுமாறினால், "எனக்கு வராது" என்கிறார். வேறுபாடு அறிவில் இல்லை, தோழர்களே! பிழைக்குக் கற்பிக்கும் காரணத்தில் இருக்கிறது!

பெண்ணுக்கு வராத கலையா இது? 1843-இல், பாபேஜ் வடித்த, கட்டி முடிக்கப்படாத எந்திரத்துக்குக் கணக்கிடும் முறை வகுத்து வெளியிட்டவர் அடா லவ்லேஸ் எனும் ஆங்கிலப் பெண்மணி. 1946-இல் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியை இயங்கச் செய்த நிரலர்களில் முதல் அறுவரும் பெண்கள். எந்திரத்தின் புகழ் பரவிற்று. அவர்தம் பெயர்களோ நெடுங்காலம் இருளில் கிடந்தன!

எனில், தயக்கம் எங்கிருந்து வந்தது? 'என்னால் முடியும்' என்னும் நம்பிக்கை பற்றி உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் விளக்கினார். தானே செய்து வென்ற அனுபவமே அதன் வலிய ஊற்று என்றார். பயிற்சி வகுப்பிலே கணினி ஒன்று, ஆசிரியர் நால்வர். விசைப்பலகை யார் கையில்? மாலையில் கணினி அறையில் தங்கிப் பழக ஆணுக்கு நேரமுண்டு. பெண்ணுக்கோ பேருந்து காத்திருக்கிறது, அடுப்பும் காத்திருக்கிறது! பின்னால் நின்று பார்த்தவருக்கு நம்பிக்கை எப்படிப் பிறக்கும்? கைக்கு எட்டவிடாமல் செய்துவிட்டு, "கை வரவில்லை" என்பது நீதியா?

நம் பள்ளியில் ஒரு விதி கேட்டோம்: உதவுபவர் வாயால் சொல்லலாம், விசையைத் தொடலாகாது. பயிற்சியும் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். தலைமையாசிரியர் சிரித்தார், பிறகு இசைந்தார். முதல் வாரம் வேலை தாமதமாயிற்று, முணுமுணுப்பும் எழுந்தது. இரண்டாம் மாதம், அதே அம்மையார் மதிப்பெண் பட்டியலைத் தாமே ஏற்றினார். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார்!

இது ஆசிரியர் அறையோடு முடியும் செய்தியன்று. வகுப்பில் திரை ஒளிரவில்லை என்றதும் ஆசிரியை, "ஒரு பையன் வந்து பாரப்பா" என்றால், மாணவியர் அன்று கற்ற பாடம் எது? எந்த நூலிலும் அச்சாகாத அப்பாடம் ஆயுள் முழுதும் மறவாது! ஆகவே, இளைஞர்களே, உதவி கேட்டு வரும் பெண்ணிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்ளாதீர்; நாற்காலியை விட்டு எழுந்து, அவரை அமரச் செய்யுங்கள்!