சப்பாத்திக்குக் கணக்கில்லையா?

இடார்சியில் கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவாக நாம் அமர்ந்து பதினோராண்டுகள் ஆகின்றன. கோதுமைக்குப் பேர்போன வட்டாரம் இது. அறுவடைக் காலத்தில் பகலிரவென்று பாராமல் மூட்டை ஏறும். எடையில் சிறிது பிசகினும் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்துவிடும். இவ்வாறு எடையையே பிழைப்பாகக் கொண்ட நாம், நம் வீட்டுத் தட்டில் விழுவதை எடை போட மறந்த கதையைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

2021-ஆம் ஆண்டு தந்தையார் காலமான பின், சங்கரன்கோவிலிலிருந்து அன்னையாரை இங்கு அழைத்து வந்தோம். மறுஆண்டு பரிசோதனையில் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உணவில் கவனம் தேவை என்றார். என்ன கவனம் என்று அவரிடம் கேட்க நமக்குத் தோன்றவில்லை. குவார்ட்டர்ஸில் சொல்வதற்கு ஆளா இல்லை? அரிசியைத் தொடவே கூடாது, சப்பாத்தி எத்தனை வேண்டுமானாலும் உண்ணலாம் என்றார் ஒரு மாமி. சீனிதான் நஞ்சு, கருப்பட்டி மருந்து என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. கேழ்வரகுக் கூழ் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. மாத்திரையை மட்டும் நல்லவேளையாக நிறுத்தவில்லை. மற்றவற்றையெல்லாம் வேதவாக்காகக் கொண்டோம்.

அறுபத்து நான்கு ஆண்டுகள் சோறுண்டு வளர்ந்த உடம்பு. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கருப்பட்டியிட்ட கூழ், மதியம் நான்கு சப்பாத்தி, இரவு நான்கு. நாம் சோறுண்ணும்போது அவர் எதிரில் அமர மாட்டார். ஏதோ வேலையிருப்பவர்போல் கொல்லைப்புறம் போய்விடுவார். ஒருநாள் இரவுப்பணி முடிந்து விடியற்காலை வீடு திரும்பினோம். அடுக்களையில் விளக்கில்லை. அன்னையார் சுவரோரம் நின்றவாறே பானையிலிருந்த பழைய சோற்றை அள்ளி வாயிலிட்டுக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார். “பசிச்சுதுப்பா, ஒரு பிடிதான்” என்றார். பெற்ற தாயைத் திருடிபோல் நிற்க வைத்த கை நம் கைதான்.

அந்த வாரமே மூன்றுமாதச் சர்க்கரைச் சோதனையின் முடிவும் வந்தது. முன்பு 8.1 இருந்தது 9.4 ஆகியிருந்தது. சோறே உண்ணாமல் எப்படி ஏறியது என்று நாம் மருத்துவமனையில் வாதாடினோம். அங்கிருந்த உணவியல் அம்மையார், மராத்தியர், நம் வாதத்தைப் பொறுமையுடன் கேட்டுவிட்டு, “எதை உண்டார் என்றீர்கள், எவ்வளவு என்று சொல்லவில்லையே” என்றார். ஒரு சப்பாத்திக்கு எடுக்கும் மாவை நிறுத்து வருமாறு பணித்தார். நிறுத்தோம். நம் வீட்டுச் சப்பாத்தி கனமானது. ஒன்றுக்கு 40 கிராம் மாவு. எட்டுக்கு 320 கிராம்!

பின்பு அவர் போட்ட கணக்கு இது. நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கோதுமை மாவில் 65 முதல் 70 வரை. கோதுமையில் நாரும் புரதமும் கூடுதல் என்பது மெய். ஆனால் இரண்டும் தானியமே, இரண்டும் வயிற்றில் சர்க்கரையாகவே மாறுகின்றன. அன்னையார் ஊரில் நாளொன்றுக்கு 200 கிராம் அரிசிதான் உண்டுவந்தார். அதை நிறுத்திவிட்டு அதனினும் மிகுதியான மாவுச்சத்தை நாமே ஊட்டியிருக்கிறோம், நெய் வேறு தடவி. கருப்பட்டியும் வெல்லமும் தேனும் பெரும்பாலும் சர்க்கரையே. நிறமும் மணமும் பார்த்து இரத்தம் ஏமாறுவதில்லை. கேழ்வரகு சுண்ணாம்புச்சத்து மிகுந்த நல்ல தானியம், ஐயமில்லை. ஆயினும் நைய அரைத்துக் கூழாய்க் காய்ச்சினால் விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். களியோ அடையோ சற்று மேல், அதுவும் அளவோடு.

(எண்ணெய்ப் புட்டியில் “கொலஸ்ட்ரால் அற்றது” என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதையும் கேட்டு வைத்தோம். தாவர எண்ணெய் எதிலும் அது இருப்பதில்லையாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுத்துவந்ததை இல்லாளிடம் இன்னும் சொல்லவில்லை.)

அம்மையார் வகுத்துத் தந்த முறை எளிது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. எஞ்சிய கால் பங்கில் சோறோ சப்பாத்தியோ, விருப்பம்போல். மாத்திரை தவறலாகாது, உணவுக்குப் பின் சிறிது நடை. “அப்ப சோறு திங்கலாமா?” என்று அன்னையார் தமிழிலேயே கேட்டார். மொழி புரியாவிட்டாலும் முகம் பார்த்து அம்மையார் தலையசைத்தார்.

இப்போது மதியம் ஒரு கிண்ணம் சோறு, நம் எதிரிலேயே அமர்ந்து உண்கிறார். அடுத்த சோதனையில் 7.6 வந்தது; இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். சென்ற மாதம் ஊரிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்து, தாமும் அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டதாகப் பெருமையுடன் சொன்னார். அன்னையார் கேட்டது ஒரே கேள்விதான்:

“எத்தனை திங்கே?”