தென் கோடியில் ஒரு பயணம் – 7
வெங்கச்சங்கல் காட்டில்

கேப் டவுனிலிருந்து வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால் வான்ரைன்ஸ்டார்ப். அந்தச் சிற்றூரைத் தாண்டியதும் க்னெர்ஸ்ஃப்ளாக்டெ சமவெளி தொடங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லை. நம்மூர் மானாவாரி நிலங்களில் கிடக்குமே வெங்கச்சங்கல், அதேதான் இங்கே திட்டுத்திட்டாகத் தரையை மூடிக் கிடக்கிறது. ஜூன் மாத வெயிலில் கண் கூசியது.

"காலைப் பார்த்து வையுங்கள்" என்றார் உள்ளூர் வழிகாட்டி. குனிந்து பார்த்தேன். கற்களுக்கிடையே சாம்பல் பச்சையில் ஆர்ஜிரோடெர்மா. ஒட்டிய இரண்டு கொழுத்த இலைகள், அவ்வளவுதான் செடி. இங்குள்ளவர்கள் அதைக் குழந்தையின் பிட்டம் என்றே செல்லமாக அழைக்கிறார்கள். அந்தப் பிளவிலிருந்து செடியையே மறைக்கும் அகலத்தில் ஊதாப் பூ விரிந்திருந்தது. பக்கத்திலேயே மஞ்சளும் வெள்ளையும். மண்டியிட்டவன் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

ஆண்டு முழுதும் சேர்த்தாலும் இங்கே 200 மில்லிமீட்டர் மழை தேறாது; பெய்வதும் குளிர்காலத்தில்தான். கிடைத்த நீரை இலையில் சேமித்துக்கொண்டு கோடையைக் கடக்கிறது செடி. வெள்ளைக் கல் வெயிலைத் திருப்பியடிப்பதால் தரையோரம் சூடு சற்றுத் தணிகிறது. உப்பு மிகுந்த இந்த மண்ணில் பெரிய புதர்களும் போட்டிக்கு வருவதில்லை.

என்னை அசரவைத்தது விதைப்பை. காய்ந்திருக்கும்வரை இறுக மூடியிருக்கும். நனைந்தால் திறக்கும், விழும் மழைத்துளியே விதையைத் தெறிக்கவைக்கும். உலர்ந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். ஈரமில்லாத நாளில் ஒரு விதையும் வீணாவதில்லை. ஆனால் தெறித்த விதை பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே விழுகிறது. அதனால் சில இனங்களுக்கு ஒரு சில கல்திட்டுகள் மட்டுமே உலகம். ஒரு திட்டை ஒருவன் சாக்கில் அள்ளிப்போனால் அந்த இனமே அழியலாம்.

அள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். 2014இல் இச்சமவெளியின் ஒரு பகுதி காப்பகமானது. ஆனாலும் 2019 முதல் இந்த வறள்நிலம் எங்கும் திருட்டு பெருகிவிட்டது. ஆர்ஜிரோடெர்மாவின் உறவான கோனோஃபைட்டம்தான் முக்கிய இலக்கு. வெளிநாட்டு ஜன்னலோரத் தொட்டிகளுக்காக லட்சக்கணக்கில் பிடுங்கியிருக்கிறார்கள். நான் படமெடுக்கும் முன்பே கைபேசியின் இருப்பிடக் குறிப்பை அணைக்கச் சொல்லிவிட்டார் வழிகாட்டி. படத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்களாம்.

பிடிபட்ட செடிகளைத் திரும்ப நடலாமே என்றேன். எந்தத் திட்டிலிருந்து பிடுங்கியது என்று யாருக்குத் தெரியும் என்றார். இடம் மாறினால் பிழைக்காது; பிழைத்தாலும் நோயைக் கொண்டுவரலாம். அதனால் தாவரவியல் பூங்காக்களில் தட்டுத்தட்டாக அடுக்கி வளர்க்கிறார்கள்.

(தொடரும்)