நவாலாவுக்கு ஒரு கட்டு வேர்

செவ்வாய், பா நகரம்

ஃபிஜியில் ஒரு கிராமத்துக்குள் போக வேண்டுமென்றால் முதலில் சந்தைக்குப் போக வேண்டும். யங்கோனா இல்லாமல் வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. வெளியுலகம் கவா என்று அழைக்கும் இது, மிளகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேர். பொடியாகவும் கிடைக்கிறது. காணிக்கை வைக்க முழு வேர்தான் சரி என்று சொல்லி, அரைக் கிலோவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தந்தார் கடைக்காரப் பெரியவர்.

அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். தென்னிந்தியர்கள் இங்கே கப்பலில் வந்து இறங்கத் தொடங்கியது 1903இல். பேரனுக்குத் தமிழ் தெரியவில்லை. அவருடைய ஃபிஜி இந்தியும் என் அரைகுறை இந்தியும் எப்படியோ ஒத்துப்போயின. குடும்பம் 30 ஆண்டுக் குத்தகையில் கரும்பு போட்டது. கெடு முடிந்ததும் நிலத்தை விட்டுச் சந்தைக்கு வந்துவிட்டது. நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 87 விழுக்காடு பூர்வகுடி இதௌக்கே மக்களின் குலங்களுக்குப் பொதுச்சொத்து. குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது. வருத்தம் உண்டா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்கு எடை போடப் போய்விட்டார்.

புதன், நவாலா

பாவிலிருந்து கரும்புக் காட்டைத் தாண்டி மலை ஏறினால், ஆற்றங்கரையில் வரிசை வரிசையாகக் கூரை வீடுகள். இவற்றுக்கு 'புரே' என்று பெயர். ஊர் எல்லையிலேயே தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றியாயிற்று. இடுப்பில் சுலு. வேட்டி கட்டிப் பழகியவனுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

ஊர் நிர்வாகியான துராங்கா நி கோரோ உள்ளே அழைத்துப்போனார். வாசல் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். தாழையோலைப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்தேன். ஒரு முதியவர் அதைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். சுற்றியிருந்தவர்கள் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினார்கள். செவுசெவு என்னும் காணிக்கைச் சடங்கு அவ்வளவுதான். அதன் பிறகு நான் அந்நியன் இல்லை, ஊரின் பொறுப்பில் இருக்கும் விருந்தாளி.

தனோவா என்ற மரத்தொட்டியில் இடித்த வேரைத் துணியில் கட்டி நீரில் பிசைந்து பிழிந்தார்கள். கொட்டாங்கச்சி என்னிடம் வந்தது. ஒரு தட்டு, 'புலா', ஒரே மூச்சில் குடி, பிறகு மூன்று தட்டு. மண் கரைத்த தண்ணீரின் நிறம், அதே ருசி. சற்று நேரத்தில் நாக்கு மரத்துப்போனது. சாராயம் போல இது குரலை உயர்த்தவில்லை. சுற்றுக்குச் சுற்று பேச்சு மெதுவாகிக்கொண்டே போனது.

மாலையில் ஒரு வீட்டுக்குக் கூரை வேய்வதைப் பார்த்தேன். மேலே இருவர், கீழிருந்து புல்கட்டை எறிய நாலைந்து பேர், கட்டளையிட ஒரு கிழவர். புல் அறுத்து, காயவைத்து, மூங்கில் பிளந்து, சுவர் பின்னி... ஒரு வீட்டுக்கு ஊரே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சில வருடங்களில் கூரை மக்கிவிடும், மறுபடி தொடங்க வேண்டும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் நாட்டையே புரட்டிப்போட்டு 44 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தகரக் கூரை போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுக்க நமக்கு என்ன உரிமை? தகரம் வந்தால் நம்மைப் போன்றவர்கள் வரமாட்டோம் என்பது வேறு விஷயம்.

வியாழன், காலை

வேரோடு நுழைவுக் கட்டணமும் உண்டு. 'கிராமத்தைக் காசாக்கிவிட்டார்கள்' என்று நேற்று உடன் வந்த பயணி ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் படம் பிடித்துப்போகும் அழகு வேறொருவரின் முதுகுவலி. அதற்குக் கூலி கேட்பது நியாயம்.

போக நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். அது தேவாலயத்துக்கும் ஓய்வுக்குமான நாள். குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தலையைத் தொடாதீர்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். பொடி வேண்டாம், வேராகவே வாங்கிப் போங்கள்.