வானமா, வாய்க்காலா?

கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்கும் எங்கள் நல்லம்பள்ளி ஏரியிலே, மழை கொட்டியதும் மீன் துள்ளும். "வானத்திலிருந்து விழுந்தது" என்பார் பாட்டி. "எப்படி?" என்றேன். "கேட்டால் சாமி குத்தம்!" என்றார். வாயை மூடினேன், ஐயம் மூடவில்லை.

அந்த ஐயத்தோடு, மகளை அழைத்துக்கொண்டு, பென்னாகரம் வழியே ஒகேனக்கல் சென்றேன். காட்சியகத்தின் கண்ணாடித் தொட்டிகளைக் கண்டோம்; மீன் பண்ணையில் விளக்கம் கேட்டோம். வாய்க்கால் வெள்ளத்தோடு வந்தவை சில. சேற்றில் புதைந்து கோடையைக் கடந்த விரால் சில. வானத்துக்கு அங்கே வேலையே இல்லை!

கட்லாவும் ரோகுவும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுவன. தேங்கிய குளத்தில் இடா. இட வைத்தார் ஒருவர். வரம் வேண்டினாரா? இல்லை. 1957 சூலை 10 அன்று, ஒரிசாவின் அங்குலில், ஹிராலால் சௌத்ரி, மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றைக் கெண்டையின மீன்களுக்கு ஊசிவழிச் செலுத்தினார். முட்டை பிறந்தது, இந்நாட்டு மீன்வளர்ப்பே மாறிற்று.

"பொரிக்க எத்தனை நாளாகும்?" என்றாள் மகள். "ஒரு நாள்கூட ஆகாதம்மா" என்றார் பணியாளர். "ஏன்?" என்றாள் உடனே.

தோழர்களே, பாட்டியை நான் நோகவில்லை. அவரை எவரும் "ஏன்" என்று கேட்க விட்டதில்லை. என் மகளை விட்டிருக்கிறேன்.