இரட்டைக் கிளட்சும் இடது காலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

“ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கட்டுரையா? உங்கள் வீட்டுச் சைக்கிளுக்கே இரண்டு நாளாகக் காற்றில்லையே!” என்று வகுப்பு நண்பன் ஒருவன் கேலி செய்தான். அவன் சொன்னது உண்மைதான். ஆயினும் 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை. கையால் கியர் போடும் வண்டியா? தானே கியர் மாற்றிக்கொள்ளும் இரட்டைக் கிளட்ச் வண்டியா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என் தந்தை. அந்தப் பதிலை நம்பி இருந்தது எங்கள் வீட்டு உலை.

என் தந்தை கார் ஓட்டுநர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கடலூரில் ஒரு முதலாளியிடம் அப்பா பதினேழு ஆண்டுகளாக வேலை செய்து வந்தார். முதலாளிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை, சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடை. வாரத்தில் நான்கு நாள் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் வழியாக வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் போய்த் திரும்ப வேண்டும்.

பழைய காருக்கு வயதாகிவிட்டது. முதலாளியின் மகனுக்கோ வேகத்தின்மேல் மோகம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த கார்ப் பந்தயத்தைப் பார்த்து வந்த நாள் முதல், வாங்கினால் ஸ்போர்ட்ஸ் ரகம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். முதலாளியும் சம்மதித்தார். அவர்கள் பார்த்த வண்டி இரண்டு வகையில் கிடைத்தது. இரட்டைக் கிளட்ச் வகைக்கு ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் கூடுதல்.

“பதினேழு வருசமா உன் கையில உசுரைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். நீ எதைச் சொல்றியோ அதை வாங்கிடறேன்” என்றாராம் முதலாளி. அருகில் இருந்த மகன், “ஆட்டோ கியர்னா அப்பாவே ஓட்டலாம், நானும் ஓட்டுவேன். அண்ணனுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்” என்றாராம்.

ஓய்வு! அந்த ஒரு சொல்லைத்தான் அப்பா அன்றிரவு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்பாவுக்கு இடது முழங்காலில் இரண்டு ஆண்டுகளாக வலி. அதை முதலாளியிடம் அவர் சொன்னதே இல்லை. ஒருமுறை நானும் அந்தக் காரில் சிதம்பரம் சென்றேன். அன்று ஆனித் திருமஞ்சனக் கூட்டம். நான்கு தேர் வீதிகளிலும் வண்டிகள் எறும்புபோல ஊர்ந்தன. ஊர் எல்லையிலிருந்து மேலவீதிக் கடை வரையில் அப்பா எத்தனை முறை கிளட்சை மிதிக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொரு முறை! ஒவ்வொரு மிதிக்கும் அவர் உதடு லேசாக மடிந்ததையும் பார்த்தேன்.

“இரட்டைக் கிளட்ச்னா என்னாடா? படிச்சவன் சொல்லு” என்று கேட்டார். நான் நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடிப் படித்துவிட்டு, திண்ணையில் சாக்கட்டியால் படம் வரைந்து விளக்கினேன்.

சாதாரண வண்டியில் ஒரே கிளட்ச். கியர் மாற்றும்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு ஒரு கணம் அறுகிறது. அந்தக் கணத்தில் சக்கரத்துக்கு விசை இல்லை. இரட்டைக் கிளட்ச் வண்டியில் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்கள் ஒரு தண்டில். இரண்டு, நான்கு, ஆறு மற்றொரு தண்டில். ஒரு தண்டு குழாய்போல மற்றொன்றைச் சூழ்ந்திருக்கும். தண்டுக்கொரு கிளட்ச். மூன்றாம் கியரில் வண்டி ஓடும்போதே நான்காம் கியர் பொருந்தித் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ளும். விசை அறுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். மிதிக்கக் கிளட்ச் கட்டையே கிடையாது. எல்லாம் கணிப்பொறியின் பொறுப்பு.

அப்பா சிரித்தார். “டபுள் கிளட்ச்சா? உன் வயசுல நான் அடிச்சதுதானே!”

அவர் இருபது வயதில் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிச் செல்லும் லாரியில் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றவர். அந்தப் பழைய லாரியின் கியர்ப்பெட்டியில் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு கிடையாது. ஆகவே கியரை இறக்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்தி, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் பற்கள் அலறும். “காதால கேட்டுத்தான் போடணும்” என்றார். அது ஒரே கிளட்சை இருமுறை மிதிப்பது. இது இரண்டு கிளட்ச் இருப்பது. பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது. ஆனால் இரண்டின் நோக்கமும் சுழலும் இரு பொருள்களைச் சண்டையின்றிச் சேர்த்து வைப்பதே. நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்த உராய்வையும் சுழற்சியையும் என் தந்தை காலால் படித்திருக்கிறார்!

இந்த இரட்டைக் கிளட்ச் எண்ணம் புதிதன்று. 1939இல் இதை வகுத்தவர் அடால்ஃப் கெக்ரஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவர் இளமையில் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸின் கார்க் கொட்டகையில் பணிபுரிந்தவர். இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் ஒரு பெருமிதம். “பாத்தியா, அவரும் நம்ம ஆளுதான்” என்றார். 1980களில் போர்ஷே நிறுவனம் தன் பந்தயக் கார்களில் இதைச் சோதித்தது. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வாயிலாக இது சாலைக்கு வந்தது. பந்தயக் கார்களில் ஓட்டுநரின் இடது கால் அதற்கு முன்பே ஓய்வு பெறத் தொடங்கிவிட்டது. 1989இல் ஃபெராரி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஸ்டீயரிங்கின் பின்னால் உள்ள துடுப்புகளை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் முறையைக் கொண்டுவந்து முதல் பந்தயத்திலேயே வென்றது. 2005இல் நம் கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய காலத்தில் விரல் கியர்தான் வழக்கம்.

அப்படியானால் கைக் கியர் செத்துவிட்டதா? இல்லை. 2013இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை இரட்டைக் கிளட்ச்சில் மட்டுமே வெளியிட்டது. சுற்றுக்கு ஆகும் நேரம் குறைந்தது. ஆனால் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2016இல் கைக் கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் அந்நிறுவனம் செய்தது. 2017இல் ஜிடி3 காருக்கும் கைக் கியர் திரும்பி வந்தது. நம் மாநிலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1990இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலையும் இருக்கிறது. அந்நிறுவனத்தின் ஐ20 என் லைன் 2021இல் வந்தபோது, ஒன்று ஏழு கியர் இரட்டைக் கிளட்ச்; மற்றொன்று கையால் கியர் போட்டாலும் கிளட்ச் கட்டை இல்லாதது. 2023இல் அந்த இரண்டாவது வகைக்குப் பதிலாகக் கிளட்ச் கட்டையுடன் கூடிய ஆறு கியர் வண்டி வந்தது. மிதிக்கும் ஆசை மனிதனை எளிதில் விடுவதில்லை போலும்.

இவ்வளவும் சொன்ன நான், கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். சிறிய எஞ்சின் வண்டிகளில் பெரும்பாலும் உலர் கிளட்ச். விலையுயர்ந்த வலுவான கார்களில் எண்ணெயில் மூழ்கிக் குளிரும் ஈரக் கிளட்ச். ஊர்ந்து செல்லும் நெரிசலில் உலர் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடுவதால் உராய்வு வெப்பம் ஏறும். பழுதானால் செலவும் அதிகம். இதையே பெரிதாக்கி, “சிதம்பரம் வீதிக்கு இது ஆகாதுப்பா, கைக் கியரே வாங்கச் சொல்லுங்க” என்று முடித்தேன். ஈரக் கிளட்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்கள் பார்த்த வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று விசாரிக்கவும் இல்லை.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அவரு வண்டியப் பத்தித்தான் கேட்டாரு. என்னைப் பத்திக் கேக்கல. நீ என் சம்பளத்தை மனசுல வெச்சிக்கிட்டுப் பேசற. உன்னை அதுக்கா படிக்க வெச்சேன்?” என்றார். எந்த ஆசிரியரிடமும் நான் அப்படித் தலைகுனிந்ததில்லை.

மறுநாள் அவரே விற்பனைக் கூடத்துக்குச் சென்று விசாரித்தார். உலர் கிளட்ச்தான். இரண்டு வகையையும் ஓட்டியும் பார்த்தார். பிறகு முதலாளியிடம் அவர் சொன்ன பதிலை என்னால் இயன்ற அளவு அப்படியே தருகிறேன்.

“ஐயா, தம்பி ஓட்டறதுல சந்தோசம் வேணும்னா கைக் கியரு. ரோட்டுல ஓவர்டேக் பண்ணும்போது இழுவை அறாம போகணும்னா டபுள் கிளட்ச்சு. நீங்களே ஓட்டணும்னாலும் அதுதான். டவுன்ல அடி அடியா நகத்தக் கூடாது, சூடாயிடும். முன்னாடி நல்லா இடம் விட்டு ஒரேயடியா நகரணும். மேட்டுல ஆக்சிலேட்டர்ல நிறுத்திப் புடிக்காதீங்க, பிரேக்கப் போடுங்க. நம்ம ரோட்டுக்கும் உங்க வயசுக்கும் டபுள் கிளட்ச்சையே எடுங்க. இன்னொன்னு: எனக்கு முட்டி வலி இருக்கு. ரெண்டு வருசமா சொல்லல. அது என் தப்பு.”

இரட்டைக் கிளட்ச் வண்டி வந்தது. முதல் மாதம் அப்பா அப்பனுக்கும் மகனுக்கும் அதைப் பழக்கினார். இரண்டாம் மாதம் வேலை வாரத்துக்கு இரண்டு நாளாயிற்று. ஐப்பசியில் அதுவும் நின்றது. முதலாளி கையில் ஒரு தொகை கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்குத் தங்கைக்கு மட்டுமே புதுத்துணி எடுத்தோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இப்போது அப்பா ஆக்டிங் டிரைவர். வண்டி வைத்திருந்தும் ஓட்ட முடியாத பெரியவர்கள் கூப்பிடும்போது போகிறார். அவர்களில் பலருடைய வண்டி ஆட்டோ கியர்தான். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வருமானமும் குறைந்திருக்கிறது. நான் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

நண்பர்களே! எந்தக் கியர் சிறந்தது என்று இனி யாரேனும் கேட்டால், எந்தச் சாலை, யார் கால் என்று நான் திருப்பிக் கேட்பேன். பந்தயத் தடத்தில் நொடிதான் கணக்கு என்றால் இரட்டைக் கிளட்ச் வெல்லும். வண்டியோடு பேசிக்கொண்டே போக வேண்டும் என்றால் கைக் கியருக்கு ஈடில்லை. மேலவீதியில் அறுபத்தொரு முறை மிதிக்க வேண்டியவருக்கு எது நல்லது என்பதை அவர் முழங்கால் சொல்லும்.

எனக்குப் பட்டம் கிடைக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது. கற்றதைத் தன் வசதிக்கு வளைக்காமல் கேட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற பாடம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. அதை எட்டாம் வகுப்புப் படித்தவர் ஒருவர், சாக்கட்டிப் படம் அழியாத ஒரு திண்ணையில் எனக்கு நடத்திவிட்டார்.