ஏரி தெரியும் காட்டேஜ்!

கோடை லீவுக்குக் காரில் போய், ஏரிக்கரைக் காட்டேஜில் இரண்டு நாள் தங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த ஏரி என்பதில்தான் வீட்டில் ஒரே சட்டசபை!

மனைவி, ஊட்டி. நான், கொடைக்கானல். 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரி என்று அளந்துவிட்டேன். ''சென்னையிலேர்ந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல... உங்க லீவு ரோட்டுலேயே போயிடும். 2024-லேர்ந்து இ-பாஸ் வேற!'' என்றாள். ''ஊட்டிக்கும் அதே கதைதானே?'' டிரா!

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா மெதுவாக, ''ஏற்காட்டுலகூட ஏரி இருக்குடா...'' என்றார்.

சேலத்தில் முப்பது வருஷம் குமாஸ்தா. ஆபீஸ் ஜன்னலில் தினமும் சேர்வராயன் மலை. என்னைப் பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் அனுப்பினாரே தவிர, அவர் மேலே போனதே இல்லையாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் என்ன ஓட்டெடுப்பு?

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் போர்டு பார்த்துச் சத்தமாக எண்ணினார் அப்பா. கிட்டத்தட்ட 5,000 அடி உயரம். மப்ளருக்கு வேலை வந்தது.

காட்டேஜ்? 'லேக் வியூ' என்று போனில் சொன்னார்கள். பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏறினால் ஏரியின் ஓரம் தெரிந்தது. மனைவி பார்த்த பார்வை... வேண்டாம், விடுங்கள் சார். 'ஏரியிலேர்ந்து எத்தனை அடி?' என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள்.

அப்பா படகில் ஏறவில்லை. இருட்டும் நேரம் லேடீஸ் சீட்டில் நின்றோம். கீழே சேலம் முழுக்க விளக்கு.

''அதோ பாருடா, நம்ம பழைய வீடு!'' என்று எங்கேயோ கையைக் காட்டினார்.

''ஆமாம்ப்பா'' என்றேன்.