யாருக்காகத் தூக்குகிறோம்?

"எந்தப் போட்டிக்குப்பா இப்படி முக்கி முக்கித் தூக்குறீங்க?"

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தாடிக்கொம்பில் நாங்கள் ஏழெட்டுப் பேர், வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஒரு மொட்டை மாடியில் கூடி எடை தூக்குகிறோம். எங்களில் கல்லூரியில் படிப்பவர்கள் உண்டு. ஸ்பின்னிங் மில் ஷிப்டு முடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பகலெல்லாம் லாரியில் லோடு ஏற்றிவிட்டு வருகிற அண்ணனும் உண்டு. ஆணழகன் பட்டம் எங்கள் நோக்கமில்லை. போலீஸ் தேர்வும் இல்லை. போட்டி எதுவுமே இல்லை என்று சொன்னால் கேட்டவருக்கு நம்பிக்கை வராது.

அதைவிடக் கூர்மையான கேள்வி எங்கள் தெருப் பெரியவர்களிடமிருந்து வந்தது. "காலம் பூரா மூட்டை சுமந்த சாதிடா நாம. உழைக்கிற உடம்புக்கு எதுக்குடா தனியா உடற்பயிற்சி?" இதைக் கேலி என்று ஒதுக்கிவிட முடியாது. நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சுமை தூக்குவதும் பயிற்சியாகத் தூக்குவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். முதுகு குனிகிறது, மூச்சு வாங்குகிறது, வியர்வை ஊற்றுகிறது. ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு முன் வெளியான 17 ஆய்வுகளிலிருந்து ஏறத்தாழ 1,94,000 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலையிடத்தில் மிகக் கடுமையாக உடலை வருத்தும் ஆண்கள், குறைந்த உடலுழைப்பு உள்ள வேலை செய்யும் ஆண்களைவிட முன்கூட்டியே இறக்கும் அபாயம் 18 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். (பெண்களிடம் இந்த உறவு தெரியவில்லை.) ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுகிறது என்பதோ நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. உடம்பு ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான், விளைவு மட்டும் எதிரெதிராக இருக்கிறது. ஆய்வாளர்கள் இதைப் புதிர் என்கிறார்கள். எங்கள் தெருவில் நாற்பத்தைந்து வயதில் முட்டி போனவர்களையும் முதுகு போனவர்களையும் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய புதிர் இல்லை.

வேலையில் எவ்வளவு எடை, எத்தனை மூட்டை, எப்போது உட்காரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்று எதையும் தூக்குகிறவர் முடிவு செய்வதில்லை. எட்டு மணி நேரம் இதயத்துடிப்பு ஏறியே நிற்கிறது. மறுநாள் தசை தேறுவதற்குள் அடுத்த லாரி வந்து நிற்கிறது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் செய்த பரிந்துரை, வயது வந்த ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றது. ஆனால் அது ஒரு சுமைக்கான கணக்கு. ஒரு நாளைக்கு இருநூறு முறை அதைத் தூக்குகிறவரின் கணக்கு அதில் இல்லை.

பயிற்சியில் இவை அத்தனையையும் தூக்குகிறவரே முடிவு செய்கிறார். எடை அளவோடு இருக்கிறது, இடையில் ஓய்வு இருக்கிறது, பிறகு சாப்பாடும் தூக்கமும் இருக்கின்றன. தசை வளர்வது தூக்கும்போது அல்ல, தூக்கி முடித்து ஓய்ந்திருக்கும்போது. நம் முன்னோர்களுக்கு மறுக்கப்பட்டது சுமை அல்ல, ஓய்வுதான். நாங்கள் மாடியில் கற்றுக்கொள்வதில் பாதி, ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்வது.

எடைப் பயிற்சி என்றாலே பளபளக்கும் ஜிம்மும் எண்ணெய் பூசிய உடம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்று உலகமெங்கும் செய்யப்படும் "மூன்று செட், பத்து முறை" என்ற பழக்கத்துக்கு ஒரு மருத்துவமனைக் கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது காயம்பட்டு வந்த சிப்பாய்களின் கால்களைத் தேற்றுவதற்காக, அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம் படிப்படியாக எடையைக் கூட்டும் முறையை வகுத்தார். 1945இல் அதைப் பற்றி எழுதினார். அன்றைய வழக்கத்தில் காயம்பட்ட காலுக்கு ஓய்வும் மிக லேசான அசைவும்தான் கொடுத்தார்கள். அவர் எடை கொடுத்தார். இன்று எவ்வளவு முடிகிறதோ அங்கே தொடங்கு, தேறியதும் கொஞ்சம் கூட்டு. யாரையும் ஜெயிப்பதற்காக அல்ல, மறுபடி நடப்பதற்காக. தலைமுறை தலைமுறையாக அடிபட்ட உடம்புகளை வைத்திருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறென்ன?

நம் மண்ணுக்கும் சொந்தமாக ஓர் எடைப் பயிற்சி மரபு உண்டு. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கிறது. பிடிப்பே இல்லாத வழவழப்பான உருண்டைக் கல். குத்துக்காலிட்டு அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளில் வைத்துப் பின்னால் போட வேண்டும். கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கல்யாணக்கல் என்றும் அதற்குப் பெயர். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். உடற்கூறுப்படி பார்த்தால் அருமையான பயிற்சி அது. இடுப்பு, முதுகு, தொடை, கை எல்லாம் ஒரே அசைவில் வேலை செய்கின்றன.

ஆனால் இளவட்டக்கல்லின் மனசு வேறு. ஊர் கூடி நிற்கிறது. தூக்கினால் ஆம்பளை, தூக்காவிட்டால் சிரிப்பு. கல் ஒன்றுதான், உன் எடை என்ன, நேற்று நீ என்ன சாப்பிட்டாய் என்று அது கேட்பதில்லை. நாங்கள் அந்த அசைவை எடுத்துக்கொண்டோம், அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டோம். எங்கள் மாடியில் மணல் நிரப்பிய சாக்குதான் இளவட்டக்கல். ஒருவருக்கு 15 கிலோ, இன்னொருவருக்கு 60 கிலோ. இருவரும் ஒரே பயிற்சிதான் செய்கிறார்கள்.

எங்கள் கருவிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஜிஐ பைப். இரு முனையிலும் பெயிண்ட் டப்பாவில் ஊற்றி இறுக வைத்த காங்கிரீட். ஒரு லிட்டர் காங்கிரீட் சுமார் 2.4 கிலோ இருக்கும். ஐந்து லிட்டர் டப்பா நிறைந்தால் 12 கிலோ. அளந்து ஊற்றினால் எடை கிட்டத்தட்டச் சரியாக வரும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. புல்-அப்ஸ் எடுக்க ஒரு வேப்பமரக் கிளை. காங்கிரீட் நன்றாக இறுகும் வரை காத்திருக்க வேண்டும், பைப் வளைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும், படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தூக்குவதைத் தனியாகச் செய்யவே கூடாது. இந்த மூன்றும் எங்கள் மாடியில் சட்டம்.

செய்முறை எளிது. ஐந்து அசைவுகள்: சாக்கை அணைத்துக்கொண்டு பஸ்கி, தண்டால், பைப்பைத் தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட், கிளையைப் பிடித்து இழுப்பது, இரு கையிலும் கேனைத் தூக்கி நடப்பது. நடையைத் தவிர மற்றவற்றில் மூன்று மூன்று செட். ஒரு செட்டில் எட்டு முதல் பன்னிரண்டு. "இன்னும் ரெண்டு எடுக்கலாம்" என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். எல்லா செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி எட்டிலிருந்து தொடங்க வேண்டும். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அன்று லோடு ஏற்றிவிட்டு வந்தவருக்கு எல்லாம் பாதி. அவர் பாதி செய்வதை யாரும் கிண்டல் செய்யக் கூடாது என்பது நாலாவது சட்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. நேரமில்லாத தோழர்களுக்கு இரண்டு நாளே போதும்.

இலக்கு? ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் இலக்கை அவரவர் எழுதிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் பெயர் அதில் வரக் கூடாது. ஒருவர், "கேனை மூணாவது மாடிக்கு நிக்காம ஏத்தணும்" என்று எழுதியிருக்கிறார். மில்லுக்குப் போகும் தங்கை ஒருவர், "ஷிப்டு முடியுறப்ப இடுப்பு வலிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறார். "உருப்படியா ஒரு புல்-அப்ஸ்" என்பது இன்னொருவருடையது. அது வர ஏழு மாதமானது, அன்று எல்லோருக்கும் டீ அவர் செலவு. ஜெயிக்க யாரும் இல்லாதபோதுதான் நேற்றைய நாமும் இன்றைய நாமும் தெளிவாகத் தெரிகிறோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். எங்களில் ஒருவர் முன்பு ஒரு ஜிம்முக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுப் பட்டியலில் ஓட்ஸ், சிக்கன் பிரெஸ்ட், டப்பா டப்பாவாக புரோட்டீன் பவுடர். "மாட்டுக்கறி சேத்துக்கலாமா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. "தம்பிக்கு எந்தத் தெரு?" என்ற கேள்விதான் வந்தது. அடுத்த மாதம் அவர் போகவில்லை. எங்கள் மாடி அப்படித்தான் தொடங்கியது.

கணக்குப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் உண்டு, அதற்கு மேல் பெரிதாகப் பயனில்லை என்று 49 சோதனைகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். நாலு முட்டை 24 கிராம், ஒரு கை அளவு நிலக்கடலை (50 கிராம்) 12, ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் 10, வெந்த மாட்டுக்கறி 100 கிராம் 25, அன்றாடச் சோறும் பருப்பும் 20க்கு மேல். தொண்ணூறைத் தாண்டிவிட்டது. எந்த டப்பாவும் தேவைப்படவில்லை. கறி இல்லாத நாளில் முட்டையையும் கடலையையும் கூட்டிக்கொள்கிறோம். எங்கள் தட்டில் இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் யாரும் அதன் புரதத்தைக் குறைத்துவிட முடியவில்லை.

"பொம்பளப் பிள்ளைங்க எடை தூக்கலாமா?" என்ற கேள்வியும் வருகிறது. குடம் சுமக்கும்போதும் சித்தாள் வேலையில் செங்கல் சுமக்கும்போதும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பயிற்சி இல்லாத உடம்பில் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. உட்கார்ந்தால் எழ முடியாமல் சுவரைப் பிடிக்கும் அம்மாக்களிடம் அதைத்தான் பார்க்கிறோம். இதற்கு வயது கடந்துவிட்டது என்பது பொய். 1990இல் பாஸ்டனில் சராசரியாக 90 வயதான, தளர்ந்துபோன பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இப்போது எங்கள் அம்மாக்கள் மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறார்கள். கையை ஊன்றாமல் பத்து முறை. அதற்கும் நோட்டு உண்டு.

இளம் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைத்தசை பருத்ததும் சிலருக்கு ஒரு வேகம் வரும். "இனி எவனாவது ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று தோன்றும். சாதிப் பெருமையைப் புஜத்தில் பச்சை குத்திக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்து, நாமும் அப்படி ஆக வேண்டும் என்று தோன்றும். அது அவர்கள் வைத்த இளவட்டக்கல். அதைத் தூக்கப் போனால் அவர்கள் போட்டியில்தான் நிற்போம். கூட்டமாக வருகிற வன்முறையை ஒருவருடைய புஜம் தடுக்காது. அதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உரிமைகளைத் தரும் 15ஏ பிரிவு இருக்கிறது. அமைப்பு இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க உடம்பு வேண்டும். இரவெல்லாம் பஸ்ஸில் போய், பகலெல்லாம் மனு எழுதி, மறுநாளும் தெளிவாகப் பேச உடம்பு வேண்டும். அண்ணல் அம்பேத்கர் நீரிழிவோடும் நரம்பு வலியோடும் போராடிக்கொண்டே எழுதினார். 1956இல் 65 வயதில் போய்விட்டார். எழுதி முடிக்க வேண்டியவை அவரிடம் இன்னும் இருந்தன. ஊர் ஊராக அலைந்து, டீயிலும் பன்னிலும் நாளை ஓட்டி, ஐம்பதைத் தாண்டாமல் போன தோழர்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் நமக்குத் தெரியும். அவர்களுக்கு வீரவணக்கம் சொல்லிச் சுவரொட்டி ஒட்டுகிறோம். அவர்கள் உயிரோடு இருந்தபோது தூங்கினார்களா, சாப்பிட்டார்களா என்று கேட்டோமா?

எங்கள் ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் தோளும் தொடையும் திரண்ட கற்சிற்பங்கள் நிற்கின்றன. பார்க்க வருகிறவர்கள் வியந்துபோகிறார்கள். அந்தக் கற்களைச் சுமந்து வந்த தோள்கள் எப்படி இருந்தன, எந்த வயதில் ஓய்ந்தன என்று யாரும் செதுக்கி வைக்கவில்லை. இந்த உடம்பு இத்தனை காலம் அடுத்தவர் சுமையைத் தூக்கியது. வாரத்தில் மூன்று மணி நேரமாவது அது தனக்காகத் தூக்கட்டும்.

தாடிக்கொம்புப் பக்கம் இருக்கிற தோழர்கள் மாடிக்கு வரலாம். கட்டணம் கிடையாது. வரும்போது ஒரு நோட்டு கொண்டுவாருங்கள்.